கியூபா சமையலுக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம்? பழைய பதிப்பா, புதிய பதிப்பா?

கேள்வியின் சுருக்கம்: கியூபா நண்பர்கள் வீட்டில் 'கொசினா அல் மினுத்தோ' என்று ஒரு பழைய சமையல் புத்தகம் பாட்டியிடமிருந்து அம்மா, அம்மாவிடமிருந்து மகள் என்று கைமாறிக்கொண்டே வருகிறது, அதை வாங்கலாமா, பதிப்புகள் பல இருக்கின்றனவே எது நல்லது, வீட்டில் சைவம், பயன்படுமா?

தாராளமாக வாங்குங்கள். ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் 1950களின் பழைய பதிப்பை, அது கிடைக்காவிட்டால் அதன் மறுஅச்சை வாங்குங்கள், சமைக்க அதுதான் வசதி. ஆனால் கொஞ்சம் மெனக்கெட முடியும் என்றால் 1959 புரட்சிக்குப் பிறகு ஹவானாவில் வந்த பதிப்பு ஒன்றையும் தேடிப் பிடியுங்கள். ஒரே தலைப்பில் ஒரே ஆள் எழுதியதுதான், ஆனாலும் இரண்டும் வேறு வேறு புத்தகங்கள். முதலாவது, கடையில் எல்லாம் கிடைக்கும் ஊரில் எழுதியது. இரண்டாவது, அதே ஊரில் கடை காலியான பிறகு எழுதியது. என்னைக் கேட்டால் அந்த அம்மையாரின் முழுத் திறமையும் இரண்டாவதில்தான் தெரிகிறது.

எழுதியவர் நிட்சா வியபோல். 1923இல் நியூயார்க்கில் கியூபப் பெற்றோருக்குப் பிறந்து, சிறுமியாக இருக்கும்போதே ஹவானா வந்து சேர்ந்தவர். கியூபாவில் தொலைக்காட்சி தொடங்கியது 1950 அக்டோபரில். அடுத்த சில மாதங்களிலோ ஆண்டிலோ எல்லாம் புதிதாக இருந்த அந்தக் காலத்திலேயே இவருடைய சமையல் நிகழ்ச்சி வந்துவிட்டது. புத்தகத்துக்கும் நிகழ்ச்சிக்கும் ஒரே பெயர், 'நிமிடத்தில் சமையல்' என்று பொருள். நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் ஓடிய நிகழ்ச்சி அது. புரட்சி கவிழ்த்த சர்வாதிகாரி பாட்டிஸ்டா ஆட்சியைப் பிடிப்பதற்கும் முன்பே தொடங்கி, புரட்சியைத் தாண்டி, சோவியத் யூனியன் உடைந்த பிறகும் கொஞ்ச காலம் வந்துகொண்டிருந்தது. ஆட்சி மாறி, பொருளாதாரம் மாறி, நாட்டின் நட்பும் பகையும் எல்லாம் இடம் மாறிய பிறகும் அதே பெண்மணி அதே மேஜைக்குப் பின்னால் நின்று இன்று என்ன சமைக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். 1998இல் ஹவானாவிலேயே இறந்தார்.

அவர் பக்கத்தில் இன்னொருவர் நிற்பார், மார்கோத் பகாயாவோ. கறுப்பினப் பெண், நிகழ்ச்சியின் ஆரம்ப நாட்களிலிருந்து கடைசிவரை கூடவே இருந்தவர். வெட்டுவது, கிளறுவது, வறுப்பது பெரும்பாலும் அவர் கைகள்தான், விளக்கிச் சொல்வது நிட்சா. பழைய பதிப்பின் அட்டையில் நிட்சா பெயரோடு மார்த்தா மார்த்தினேஸ் என்பவர் பெயர் இருக்கும். மார்கோத் பெயர் இருக்காது. இந்தப் புத்தகம் எனக்கு மிகவும் பிடித்தது, அதனாலேயே இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்த அட்டையில் அவருக்கும் ஓர் இடம் இருந்திருக்க வேண்டும்.

சரி, பழைய பதிப்புக்கு வருவோம். 1950களின் ஹவானா நடுத்தர வர்க்கத்து வீட்டுக்காக எழுதியது. ஃப்ரிட்ஜ் இருக்கும், டின் பால் இருக்கும், அமெரிக்காவிலிருந்து பன்றிக் கொழுப்பும் அரிசியும் கப்பலில் வந்து இறங்கும். அமெரிக்கச் சமையலறைச் சாமான்கள், டின் உணவுகள் என்று விளம்பரங்கள் சமையல் குறிப்புகளுக்கு நடுவே வரும். குறிப்புகள் எல்லாம் சுருக்கமாகத்தான் இருக்கும்: மேலே பொருட்களும் அளவும், கீழே செய்முறை, கடைசியில் எத்தனை பேருக்கு என்று ஒரு வரி. கதை, வர்ணனை எதுவும் கிடையாது. அளவெல்லாம் கப், ஸ்பூன், பவுண்டு என்று அமெரிக்க முறை. புதிதாகக் கல்யாணமான பெண் இதைப் பார்த்து அப்படியே செய்தால் சாப்பாடு சரியாக வரும், அதனால்தான் கல்யாணப் பரிசாகக் கொடுத்துக் கொடுத்தே வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது.

ஒரே ஓர் உதாரணம் போதும் அந்தக் காலத்தின் தாராளத்துக்கு. அவருடைய கருப்பு பீன்ஸ் (காய்ந்த பயறு வகை) குறிப்பில், ஒரு பவுண்டு பீன்ஸுக்கு மூன்றில் இரண்டு பங்கு கப் எண்ணெய் வருகிறது. அது போதாதென்று இறக்கும்போது மேலே இன்னும் இரண்டு மேஜைக்கரண்டி ஆலிவ் எண்ணெய். முதல்முறை படித்தபோது அச்சுப் பிழையோ என்று நினைத்தேன், இல்லை, அளவு அதுதான்.

1959இல் புரட்சி. 1960இல் அமெரிக்க வணிகத் தடை தொடங்கி 1962இல் முழுத் தடையாகிறது. அதே 1962இல் ரேஷன் புத்தகம் வருகிறது, லிப்ரேத்தா என்பார்கள், இன்றும் இருக்கிறது. அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை எல்லாம் ஆளுக்கு இவ்வளவு என்று ஆனபிறகு, ஒரு சமையல் புத்தகக்காரர் என்ன செய்ய முடியும்? நாட்டை விட்டுப் போகலாம், நிறையப் பேர் போனார்கள். பழைய குறிப்புகளையே தொடர்ந்து சொல்லலாம், கேட்பவர்களுக்கு வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும். நிட்சா மூன்றாவதாக ஒன்று செய்தார். இந்தப் பலகாரத்துக்கு என்னென்ன சாமான் வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டு, இன்று கையில் இருக்கும் சாமானை வைத்து என்ன பலகாரம் செய்யலாம் என்று கேட்க ஆரம்பித்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கேட்கச் சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் உலகத்தில் இருக்கும் சமையல் புத்தகங்களில் பெரும்பாலானவை கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வரச் சொல்லித்தான் ஆரம்பிக்கின்றன, இந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கும் புத்தகம் அபூர்வம். புரட்சிக்குப் பிந்தைய பதிப்புகளில் விளம்பரங்கள் போய்விட்டன. ஒரு பொருள் இல்லாவிட்டால் எதை வைத்துச் சமாளிப்பது, கொழுப்பைக் குறைத்துச் சமைப்பது எப்படி, எதில் என்ன சத்து இருக்கிறது என்றெல்லாம் பேச்சு வந்தது. அவர் சத்துணவு படித்தவர் என்பதால் அது வெறும் ஒப்புக்குச் சொல்வதாகவும் இருக்காது.

நான் இருப்பது அமெரிக்காவில், மயாமிக்குப் பக்கத்தில். பக்கத்து வீட்டு அம்மாவைத் தெருவே அபுவேலா, பாட்டி, என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே. 1960களின் கடைசியில் 'சுதந்திர விமானங்கள்' என்று கியூபாவின் வாரடேரோவிலிருந்து மயாமிக்கு விட்டார்களே, 1965 முதல் 1973 வரை, அதில் ஒன்றில் கணவரோடு வந்தவர். போகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் அதிகாரிகள் வீட்டுக்கு வந்து கட்டில், நாற்காலி, பாத்திரம் எல்லாவற்றையும் கணக்கெடுப்பார்கள், புறப்படும்போது அத்தனையும் அப்படியே இருக்க வேண்டும், ஒன்றிரண்டு உடுப்போடு கிளம்ப வேண்டியதுதான். அதனால் அவருடைய அம்மாவின் புத்தகம் ஹவானாவிலேயே நின்றுவிட்டது. இங்கே வந்தபிறகு மறுஅச்சுப் பிரதி ஒன்றை வாங்கி, அம்மா ஓரத்தில் எழுதி வைத்திருந்த குறிப்புகளை நினைவிலிருந்து மறுபடி எழுதியிருக்கிறார். அந்தப் பிரதியை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். முதுகுப் பக்கம் முழுக்க பழுப்பு டேப். கருப்பு பீன்ஸ் பக்கமும் ஃபிளான் (முட்டையும் பாலும் சேர்த்த கேரமல் புட்டிங்) பக்கமும் எண்ணெய் ஊறி, வெளிச்சத்தில் பிடித்தால் பின்பக்கத்து எழுத்து தெரிகிறது. ஓரத்தில் நீல மையில் சாய்ந்த எழுத்தில் சீரகம் சேர்க்கச் சொல்லி ஒரு குறிப்பு, அதற்குக் கீழே மகளின் பால்பாயின்ட் எழுத்தில் வினிகரைப் பாதியாக்கு என்று இன்னொன்று. மீன் அத்தியாயம் மட்டும் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்கிறது, அந்த வீட்டில் யாருக்கும் மீன் பிடிக்காது போல.

அதே வீட்டில் இரண்டாவது புத்தகமும் இருக்கிறது. அபுவேலாவின் தங்கை மகள் பல வருஷம் கழித்து ஹவானாவிலிருந்து வந்தபோது கொண்டு வந்தது. மட்டமான தாள், தொட்டாலே ஓரம் உதிர்கிறது, அட்டை போய்ப் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருக்கிறார்கள். அபுவேலாவுக்கு அந்தப் புத்தகத்தின் மேல் மரியாதை கிடையாது. "கறி இல்லாமல் கறிக்குழம்பு சொல்லித் தருகிறாள், இதற்கு ஒரு புத்தகமா" என்றார் என் முன்னாலேயே. தங்கை மகள் அதட்டாமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல் சொன்னாள்: "டியா, 93இல் எங்க அம்மா இதைப் பார்த்துத்தான் எங்களுக்குச் சோறு போட்டாள்." டியா என்றால் பெரியம்மா, அத்தை எல்லோருக்கும் பொது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை, அப்புறம் அபுவேலாவே எழுந்து போய்க் காபி போட்டார்.

93 என்று அவள் சொன்னது 'சிறப்புக் காலம்' என்று கியூபர்கள் சொல்லும் பஞ்சக் காலத்தை. சோவியத் யூனியன் 1991இல் கலைந்ததும் எண்ணெய், தானியம், உரம் எல்லாம் நின்றுபோனது. பல மணி நேரம் மின்சாரம் இருக்காது, பஸ் ஓடாது, ரேஷன் கடையில் கொடுப்பது மாதக் கடைசிவரை வராது. 1991க்கும் 1993க்கும் இடையில் 50,000 பேருக்கும் மேல் கண் நரம்பும் கை கால் நரம்பும் பாதிக்கப்பட்டு, சத்துக் குறைவு முக்கியக் காரணம் என்று தெரிந்து, அரசு நாடு முழுக்க வைட்டமின் மாத்திரை கொடுத்தது. அந்த நாட்களில் மக்கள் செய்து சாப்பிட்டதில் ஒன்று கிரேப்ஃப்ரூட் தோல் ஸ்டேக். பழத்தின் வெளித்தோலைச் சீவிவிட்டு, உள்ளே இருக்கும் தடித்த வெள்ளைப் பகுதியைக் கசப்புப் போகும்வரை தண்ணீர் மாற்றி மாற்றி வேகவைத்து, பிழிந்து, பூண்டும் எலுமிச்சையும் உப்பும் தடவி, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிப்பது. வாழைப்பழத் தோலைக் கொத்தி மசாலா போட்டு வதக்குவதும் உண்டு. இவற்றை எல்லாம் நிட்சாவின் பெயரோடு சேர்த்தே கியூபர்கள் சொல்வார்கள், சிலர் கோபமாக, சிலர் நன்றியோடு.

இந்தக் கோபத்தை நீங்கள் மயாமியில் நிறையவே கேட்பீர்கள், அதனால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். நிட்சா நாட்டை விட்டுப் போகவில்லை, புரட்சியை ஆதரித்தார். தன் வீட்டையும் ஊரையும் இழந்து வந்தவர்களுக்கு அது பெரிய காயம், பற்றாக்குறையை அழகுபடுத்திக் காட்டினார் என்பது அவர்கள் தரப்பு. அதே வீடுகளில்தான் அவருடைய பழைய புத்தகம் பைபிளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கியூபாவுக்கு வெளியே அவர் அனுமதியில்லாமலே மறுஅச்சுகள் வந்து விற்றன, அவருக்கு அதிலிருந்து பணம் போகவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: அரசியலில் அவர் எடுத்த பக்கத்தை ஒருவர் ஏற்கலாம், ஏற்காமல் போகலாம், ஆனால் அரிசி மட்டும் இருக்கிற வீட்டில் இன்று இரவு பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் நிற்கிற ஒரு தாய்க்கு, அதைப் பற்றி முழுநேரமும் யோசிக்க ஓர் ஆள் தொலைக்காட்சியில் இருந்தார் என்பது லேசான விஷயம் இல்லை. பற்றாக்குறையை அவர் உண்டாக்கவில்லை, அதற்குள் நின்று சமைத்தார். இரண்டு பதிப்பையும் வாங்குங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இது. பழையதை மட்டும் படித்தால் கியூபா என்றால் எண்ணெயும் மாட்டிறைச்சியும் ஃபிளானும்தான் என்று தோன்றிவிடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: விளம்பரப் பக்கங்கள் இருந்தால் அது புரட்சிக்கு முந்தையது அல்லது அதை அப்படியே எடுத்துப் போட்ட அச்சு. உண்மையான 1950கள் பிரதிக்குச் சேகரிப்பாளர்கள் நல்ல விலை கேட்பார்கள், சமைக்க மறுஅச்சே போதும். ஹவானா பதிப்புகள் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும், பக்கம் விடுபட்டிருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். மொழி ஸ்பானிஷ், ஆனால் சமையல் ஸ்பானிஷ் எளிது, ஒரே மாதிரி வாக்கியங்கள், போனை மேலே பிடித்து மொழிபெயர்த்தால் போதும். ஒரு வாரத்தில் உங்களுக்கே பழகிவிடும்.

இப்போது சைவம். இறைச்சி அத்தியாயங்களை மொத்தமாகத் தாண்டிவிடுங்கள், அதற்குப் பிறகும் நிறையவே இருக்கிறது. அதிலும் நம் வீட்டுக் காய்கறிக் கூடைக்கும் கியூபச் சமையலறைக்கும் பாதிக்குப் பாதி ஒற்றுமை: மரவள்ளிக்கிழங்கு, வாழைக்காய், சேம்பு வகை, சர்க்கரைவள்ளி, பூசணி, வெண்டைக்காய், தேங்காய், சீரகம். காரம் மட்டும் இருக்காது, அவர்கள் மிளகாய் வாசனைக்குத்தான் போடுவார்கள், உறைப்புக்கு இல்லை. வெண்டைக்காயை எலுமிச்சைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வழவழப்பை எடுத்துவிட்டு, வெந்த வாழைக்காயை மசித்து உருட்டிய உருண்டைகளோடு குழம்பாக்குவார்கள். இது ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வழியாக வந்த சாப்பாடு. நிட்சாவே லத்தீன் அமெரிக்காவில் ஆப்பிரிக்க உணவுப் பழக்கங்கள் பற்றி யுனெஸ்கோ வெளியிட்ட ஒரு தொகுப்புக்குக் கட்டுரை எழுதியிருக்கிறார், 1977இல். பக்குவம் சொல்வதோடு நிற்காமல் அது எங்கிருந்து வந்தது என்றும் பார்த்த ஆள் அவர்.

மரவள்ளிக்கு மொஹோ என்று ஒன்று ஊற்றுவார்கள். பூண்டை உப்போடு நசுக்கிக் கிழங்கின் மேல் போட்டு, நாரத்தை மாதிரி புளிக்கும் ஆரஞ்சின் சாறு விட்டு, நன்றாகக் காய்ந்த எண்ணெயை அதன்மேல் ஊற்றுவது, நாம் தாளித்துக் கொட்டுகிற அதே சத்தம், அதே வாசனை. புளி ஆரஞ்சு கிடைக்காவிட்டால் சாதாரண ஆரஞ்சுச் சாறும் எலுமிச்சைச் சாறும் கலந்துகொள்ளலாம். கிழங்கு கொதிக்கும்போது நடுவில் ஒரு கப் குளிர்ந்த தண்ணீரை விட்டு மறுபடி கொதிக்க விட்டால் மாவு மாதிரி பூத்து வரும். அபுவேலா இதைக் கிழங்கை மிரட்டுவது என்பார்.

ஆனால் முதலில் செய்ய வேண்டியது கருப்பு பீன்ஸ்தான். நிட்சாவின் குறிப்பில் இறைச்சி எதுவும் இல்லை, பிறவியிலேயே சைவம். ஒரு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 450 கிராம் பீன்ஸைக் கழுவி, பத்துக் கப் தண்ணீரில் ஒரு பெரிய குடமிளகாயோடு ஊறப்போடுங்கள். ஊறின தண்ணீரைக் கொட்டாதீர்கள், அதிலேயே வேகவைக்க வேண்டும், கருமை முழுக்க அதில்தான் இருக்கிறது. அடுப்பில் நேராக வைத்தால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், குக்கரில் சீக்கிரம். தனியாக எண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயம், நசுக்கிய நாலு பல் பூண்டு, இன்னொரு குடமிளகாய் போட்டு நிறம் மாறும்வரை வதக்கி (நான் எண்ணெயைப் பாதியாகத்தான் விடுகிறேன், அதுவே போதும்), அதிலேயே வெந்த பீன்ஸ் ஒரு கப் போட்டு மத்தால் நன்றாக மசித்துவிடுங்கள். குழம்பு கெட்டிப்படுவது இந்த மசித்த பீன்ஸால்தான், மாவு எதுவும் கரைத்து விடவேண்டாம். இதை எல்லாம் பானையில் சேர்த்து, உப்பு, மிளகுத்தூள், ஓரிகானோ கொஞ்சம், ஒரு பிரிஞ்சி இலை, இரண்டு மேஜைக்கரண்டி சர்க்கரை. ஆமாம், சர்க்கரைதான், பயப்படாமல் போடுங்கள். ஒரு மணி நேரம் கொதித்தபிறகு இரண்டு மேஜைக்கரண்டி வினிகர், இரண்டு மேஜைக்கரண்டி சமையல் ஒயின், ஒயின் வேண்டாம் என்றால் வினிகரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பிறகு தீயைக் குறைத்து இன்னும் ஒரு மணி நேரம். அவசரப்படக் கூடாத இடம் இது ஒன்றுதான். தண்ணீராக இருந்தால் மூடியை எடுத்துவிட்டுக் கொதிக்க விடுங்கள். கரண்டியின் பின்பக்கத்தில் கருப்பாகப் படிந்து வழுக்கி இறங்க வேண்டும், அது பதம். இறக்கி மேலே ஆலிவ் எண்ணெய் விட்டு வெள்ளைச் சோற்றோடு சாப்பிடுங்கள், பக்கத்தில் வாழைக்காயைத் தட்டிப் பொரித்து வைத்துக்கொண்டால் வேறு எதுவும் வேண்டாம்.

இனிப்புக்கு, முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் ஃபிளான், இல்லாவிட்டால் எலுமிச்சைத் தோலும் பட்டையும் போட்ட பால் அரிசிப் பாயசம். சீரகமும் காய்ந்த மிளகாயும் கூடுதலாகப் போடக் கை துறுதுறுக்கும், முதல் தடவை மட்டும் போடாமல் அவர் சொன்னபடியே செய்து பாருங்கள். பீன்ஸ் ஒரு நாள் வைத்திருந்து சூடாக்கினால் இன்னும் நன்றாக இருக்கும், அதனால் விருந்தாளிகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்றால் சனிக்கிழமையே சமைத்துவிடுங்கள்.